ஆய்வு முடிவு எங்கள் தெருவுக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழகத் தரவரிசை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்திகளைப் படித்தேன். கூடவே வந்த விளம்பரங்களையும் விடவில்லை. இதழியல், தகவல்தொடர்பு, ஊடகவியல், காட்சித் தொடர்பியல் என்று பல பெயர்களில் இயங்கும் துறைகள் தங்கள் சாதனைகளை வரிசையாகச் சொல்லியிருந்தன. வெளியான ஆய்வுக் கட்டுரைகள், நடத்திய கருத்தரங்குகள், சேனல்களில் வேலைக்குச் சேர்ந்த மாணவர்கள். எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் யாரைக் கேள்வி கேட்டு அந்தக் கட்டுரைகளை எழுதினார்களோ, அவர்களுக்கு ஆய்வின் முடிவு போய்ச் சேர்ந்ததா என்பதைப் பற்றி எந்த விளம்பரத்திலும் ஒரு வரிகூட இல்லை. தகவல்தொடர்பையே பாடமாக நடத்தும் துறையிடம் இதைக் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சைதாப்பேட்டையில், அடையாற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவின் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு ஆறு ஏறி வந்த அந்த இரவில் கரண்ட் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. டி.வி. பெட்டி இருந்து என்ன பயன்? எங்களுக்குச் செய்தி சொன்னவர்கள் ஆற்றோரத்திலிருந்து கைக்குழந்தைகளோடு மேடேறி வந்தவர்கள்தான். அவர்களில் ஒரு பையன், பதினைந்து வயதுகூட இருக்காது, "தண்ணி ஏறுதுக்கா, மாடிக்குப் போங்க" என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனான். கடைசி வீட்டு அம்மாவுக்குக் காது கேட்காது. எவ்வளவு தட்டியும் திறக்கவில்லை. கதவை உடைத்துத்தான் அவரைத் தூக்கி வந்தார்கள்.

வெள்ளம் வடிந்து சில மாதங்கள் கழித்து ஒரு கல்லூரியிலிருந்து மாணவிகள் படிவங்களோடு வந்தார்கள். வெள்ள எச்சரிக்கை மக்களை எப்படிச் சென்றடைந்தது என்பதுதான் ஆய்வு. நல்ல தலைப்பு. படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகளைப் படித்துச் சொன்னேன். "எச்சரிக்கை உங்களுக்கு எதன் மூலம் கிடைத்தது?" தொலைக்காட்சி, வானொலி, செய்தித்தாள், செல்பேசி, சமூக ஊடகம், மற்றவை. ஒருவர் பின் ஒருவராக எங்கள் தெருவில் எல்லோருக்கும் "மற்றவை"யில்தான் டிக் விழுந்தது. அதற்குப் பக்கத்தில் "குறிப்பிடவும்" என்று போட்டு ஒரு சின்னக் கோடு. அதில் அந்த மாணவி "அக்கம்பக்கம்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். கதவைத் தட்டிய பையன் எந்தப் பக்கத்திலிருந்து வந்தான், எத்தனை மணிக்கு வந்தான், யார் வீடு திறக்கவில்லை, ஏன் திறக்கவில்லை என்பதையெல்லாம் எழுத அந்தக் கோட்டில் இடம் ஏது?

கிளம்பும்போது பக்கத்து வீட்டு அம்மா, "முடிவு வந்தா எங்களுக்கும் சொல்லுங்கம்மா" என்றார். "கண்டிப்பா ஆன்ட்டி" என்றார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மறுபடியும் கரண்ட் போய்த் தெருவில் தண்ணீர் நின்றபோது, ஆற்றுப் பக்கமிருந்து யாராவது ஓடி வருகிறார்களா என்றுதான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். 2015 வெள்ளத்தைப் பற்றி எங்களைப் போன்றவர்கள் சொன்ன பதில்களில் எச்சரிக்கை எங்கே அறுந்தது, யார் அதைக் கடத்தினார்கள் என்ற விவரம் கொஞ்சமாவது இருந்திருக்கும். அது எங்கள் கைக்கு வந்திருந்தால், யார் எந்தக் கதவைத் தட்டுவது என்று நாங்களே பேசி வைத்திருப்போம்.

அந்த மாணவிகளை நான் குறை சொல்லவில்லை. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிய பிள்ளைகள் அவர்கள். படிவத்தைத் தயாரித்தவர்களும், மதிப்பெண் போட்டு அதோடு கோப்பை மூடியவர்களும்தான் யோசிக்க வேண்டும்.

இப்படித்தான் நடக்க வேண்டும் என்று விதி ஒன்றும் கிடையாது. ஆற்றுக்கு அந்தக் கரையிலேயே வேறு மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா எஃப்.எம். தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது; அதாவது, கல்வி வளாகத்திலிருந்து சுற்றுவட்டார மக்களுக்காக அவர்கள் பங்கேற்போடு இயங்கும் சிறிய வானொலி. காற்றலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஆனால் கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது 2002 டிசம்பரில்தான். அந்த அனுமதியைக் கையில் எடுத்து முதலில் ஒலிபரப்பைத் தொடங்கியது நம் சென்னை. பல்கலைக்கழகத்தின் கல்வி ஊடக ஆய்வு மையம் நிலையத்தை நடத்த, ஊடக அறிவியல் மாணவர்கள் நிகழ்ச்சிகளைத் தயாரித்தார்கள். இதற்காகப் பாடுபட்ட பேராசிரியர் ஆர். ஸ்ரீதரின் பெயரை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தமான கேள்வி. தமிழ்நாட்டுத் தகவல்தொடர்புக் கல்வியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய சாதனை என்று நான் எதையும் சொல்ல மாட்டேன்.

சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் ஒலிபரப்புத் திறன் 100 வாட். கோபுரம் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் தூரத்துக்குக் கேட்டால் பெரிய விஷயம். அதனாலேயே பேசுகிறவரைக் கேட்கிறவருக்குத் தெரிந்திருக்கும். நிகழ்ச்சிகளில் குறைந்தது 50 சதவீதம் அந்தப் பகுதி மக்களின் பங்கேற்போடு தயாராக வேண்டும் என்று அரசின் வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது.

அப்படியொரு நிகழ்ச்சிக்காக எங்கள் பகுதி மகளிர் குழுவினரை ரத்தசோகை பற்றிப் பேச வைத்து மாணவர்கள் ஒலிப்பதிவு செய்தபோது நானும் கூட இருந்தேன். இடம் பால்வாடி அறை. ஃபேன் சத்தம் விழும் என்று அதை நிறுத்திவிட்டார்கள். மே மாதப் புழுக்கத்தில் முந்தானையால் விசிறிக்கொண்டே பேசினோம். பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடித்து முடியும்வரை மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் காத்திருந்தோம். முதலில் யாருக்கும் வாய் வரவில்லை. "அக்கா, மைக்கைப் பார்க்காதீங்க, என்னைப் பார்த்துப் பேசுங்க" என்றாள் ஒரு மாணவி. அப்புறம் நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது.

இரும்புச்சத்து மாத்திரையை ஏன் சாப்பிடுவதில்லை என்று அவள் கேட்டாள். படிவத்தில் கேட்டிருந்தால் "மறந்துவிடுகிறேன்" என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே, நாலு வீடுகளில் வேலை செய்யும் ஒரு பெண் சொன்னார்: "அதைப் போட்டா வயிறு புரட்டுதும்மா. வயித்தைப் புடிச்சுக்கிட்டு எப்படிப் பாத்திரம் தேய்க்கிறது?" இன்னொருவர் தயங்கித் தயங்கி, வெளிக்குக் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டதாகச் சொன்னார். உடனே அறையில் பாதிப் பேர் "ஆமா, எனக்கும்தான்" என்றார்கள். அதுவரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத விஷயம் அது. அதே நிகழ்ச்சிக்காகப் பேசிய மருத்துவர், கறுப்பாகப் போவது மாத்திரையால் வருவதுதான், பயப்பட வேண்டாம் என்றார். வயிறு புரட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம், டீ, காபியோடு மட்டும் சேர்க்க வேண்டாம் என்றும் விளக்கினார். ஹீமோகுளோபின் பாடத்தை ஆண்டுக்கணக்கில் நடத்தியவள் நான். அரசு இலவசமாகக் கொடுக்கும் மாத்திரை ஏன் குப்பைக்குப் போகிறது என்பதை இவ்வளவு தெளிவாக எந்தச் சுகாதாரக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை.

ஒலிபரப்பான அன்று ஒரு பட்டன் போனில் இயர்போனைச் செருகி, அந்த ஒயரையே ஆன்டெனாவாக்கி, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். அடுத்த வாரம் மார்க்கெட்டில் முன்பின் தெரியாத ஒரு பெண், "ரேடியோல பேசினது நீங்கதானே? எனக்கும் அப்படித்தான் புரட்டுது, ராத்திரி போட்டா சரியாகுதா?" என்று எங்கள் குழுப் பெண்ணிடம் கேட்டிருக்கிறார். கேள்வி கேட்டார்கள், காரணம் தெரிந்தது, அதற்கான பதில் அதே மக்களிடம் அவர்கள் மொழியிலேயே வந்துவிட்டது. ஆய்வு என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

தஞ்சைப் பக்கம் பிறந்தவர்களுக்கு இது புதிதில்லை. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுவை நெல் வந்தபோது, திருச்சி வானொலியில்தான் அதன் பெயரை எல்லோரும் கேட்டார்கள். மன்னார்குடிப் பக்கம் என் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் விதை வாங்கப் போகும்போது "ரேடியோ நெல்லு இருக்கா?" என்றுதான் கேட்பார்களாம். வளர்ச்சித் தகவல்தொடர்பு பற்றிய நூல்களில் இந்த ரேடியோ நெல் இன்றும் பேசப்படுகிறது. நம் ஊர் விவசாயிகள் உலகத்துக்குக் கொடுத்த எடுத்துக்காட்டு அது. நம் மாணவர்கள் அதை ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போகிறார்கள். அந்த நெல்லை நட்டவர்கள் இன்று எண்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே குரலைப் பதிவு செய்து வைக்க எந்தத் துறையாவது முன்வந்தால் நல்லது.

பல்கலைக்கழகத் துறை ஒன்று எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஹைதராபாத்தைச் சொல்லலாம். அப்போதைய மேதக் மாவட்டத்தில், மாச்சனூரில், டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கிய தலித் பெண் விவசாயிகள் யுனெஸ்கோ உதவியோடு 1998-ல் ஒரு வானொலி நிலையத்தைக் கட்டினார்கள். நரசம்மா என்ற ஒரே பெயர் கொண்ட இரண்டு பெண்கள் அதை நடத்தினார்கள். ஒலிபரப்ப உரிமம் மட்டும் கிடைக்கவில்லை. விதை, மருந்துச் செடி, பாட்டு, கூலி என்று எல்லாவற்றையும் கேசட்டில் பதிந்து சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். பத்து ஆண்டுகள் இப்படியே போயின. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி உண்டு என்று அரசு கொள்கையை மாற்றிய பிறகு, 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் ரேடியோ காற்றில் ஏறியது.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் தகவல்தொடர்புத் துறைப் பேராசிரியர்கள் வினோத் பவராலாவும் காஞ்சன் மாலிக்கும் இந்தப் பெண்களையும், கர்நாடகத்தின் புதிகோட்டே, குஜராத்தின் கட்ச், ஜார்க்கண்டின் பலாமு ஆகிய இடங்களில் இதே போல் குரலுக்காகப் போராடியவர்களையும் ஆராய்ந்து 2007-ல் நூலாக எழுதினார்கள். எழுதியதோடு நிற்கவில்லை. சமுதாய வானொலிக்காகக் கொள்கை பேசும் இடங்களிலும் வாதாடினார்கள். 2011-ல் சமுதாய ஊடகத்துக்கான யுனெஸ்கோ ஆய்விருக்கை அந்தத் துறையில் அமைந்தது. வானொலி நிலையங்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டுத் திருத்திக்கொள்ள ஒரு கையேட்டை 2013-ல் அவர்கள் தயாரித்துக் கொடுத்தார்கள். எந்த நிலையங்களைப் பார்த்துப் படித்தார்களோ, அதே நிலையங்களுக்குப் பயன்படும் பொருளாக அது திரும்பிப் போனது. எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது.

இனி தரவரிசைக்கு வருகிறேன். என்.ஐ.ஆர்.எஃப். எனப்படும் தேசியத் தரவரிசை 2016-லிருந்து வெளிவருகிறது. பல்கலைக்கழகங்களுக்குக் கற்பித்தலுக்கு 30, ஆய்வுக்கு 30, பட்டம் பெற்றோர் நிலைக்கு 20, வெளித்தொடர்பும் அனைவரையும் உள்ளடக்குதலும் என்ற தலைப்புக்கு 10, பிறர் மத்தியில் உள்ள மதிப்புக்கு 10 என்று கணக்கு. வெளித்தொடர்பு என்றதும், பல்கலைக்கழகம் மதில் சுவருக்கு வெளியே என்ன செய்தது என்று பார்ப்பார்கள் என நானும் ஆவலோடு படித்தேன். வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், பொருளாதாரத்திலும் சமூகத்திலும் பின்தங்கிய மாணவர்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வசதி என்பதைத்தான் அதில் பார்க்கிறார்கள். அவையெல்லாம் தேவை, கட்டாயம் தேவை. ஆனால் பால்வாடி அறையில் நடந்த அந்த ஒலிப்பதிவுக்கு அதில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. ஆய்வுத் தலைப்பிலும் கிடையாது. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற பன்னாட்டு ஆய்விதழ்த் தொகுப்புகளில் ஏறிய கட்டுரைகளைத்தான் அங்கே பெரும்பாலும் எண்ணுகிறார்கள். ஒரு பேராசிரியர் ஓராண்டு முழுக்கச் சைதாப்பேட்டைப் பெண்களோடு உட்கார்ந்து நிகழ்ச்சி தயாரித்தால் கணக்கில் பூஜ்யம். அவர்களைப் பற்றி, அவர்கள் படிக்க முடியாத மொழியில், பணம் கட்டினால்தான் திறக்கும் இதழில் ஒரு கட்டுரை போட்டால் சாதனை. இது அநியாயம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

கட்டுரையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் அது வேண்டியிருக்கிறது, இளம் ஆய்வாளர்களின் வயிற்றுப்பாடு அதில் இருக்கிறது. வெளியில் உள்ள அறிஞர்கள் பார்த்துக் குறை நிறை சொன்னால் ஆய்வும் செம்மைப்படும். கட்டுரையோடு இன்னும் கொஞ்சம் வேலையைச் சேர்த்துச் செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. என் மகள் தரவிறக்கிக் கொடுத்த ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் ஊரைப் போன்ற ஓர் ஊரைப் பற்றியது. முழுக்க ஆங்கிலம். மக்களிடம் தகவல் திரட்டி எழுதும் ஒவ்வோர் ஆய்வேட்டோடும் நாலு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று நம் பல்கலைக்கழகங்களின் கல்விக் குழுக்கள் விதி செய்யலாம். இதற்கு டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை, பெரிய செலவும் இல்லை. வானொலி வைத்திருக்கும் நிறுவனங்கள் அந்தச் சுருக்கத்தை அரை மணி நேர நிகழ்ச்சியாக்கி, பதில் சொன்னவர்களையே அதில் பேச வைக்கலாம். "நீங்கள் சொன்னது சரியாகத்தான் வந்திருக்கிறதா?" என்று கேட்டால், தப்பு இருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள் எங்கள் தெருப் பெண்கள். ஆய்வாளருக்கு அதைவிட நல்ல சோதனை கிடைக்காது.

இன்னொன்றும் அவசரமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. சமுதாய வானொலிகள் ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாத்தால் போதும் என்பதுதான் விதி. அதற்குப் பிறகு அவை இருப்பதும் அழிவதும் அந்தந்த நிலையத்தின் அக்கறையையும் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள இடத்தையும் பொறுத்தது. 2004-லிருந்து பார்த்தால், சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் புதுச்சேரியிலும் இயங்கும் வளாக வானொலிகளில் எத்தனை ஆயிரம் பேர் பேசியிருப்பார்கள்! பூ கட்டுகிறவர், மீன் விற்கிறவர், பஸ் கண்டக்டர், பத்தாம் வகுப்பில் தோற்றுத் திரும்ப எழுதியவர். எந்தப் புத்தகத்திலும் ஏறாத இந்தக் குரல்களை ஒரே இடத்தில் சேர்த்து, தேதி, ஊர், தலைப்பு போட்டு, யார் வேண்டுமானாலும் கேட்கும்படி வைக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களை மின்னாக்கம் செய்து பொதுவில் வைத்திருக்கிறது, ஒலிக்கும் அதே போல ஓர் ஏற்பாட்டை அரசு செய்யட்டும். பேசியவர்களின் ஒப்புதலைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். உடல்நலம் பற்றி மனம் திறந்து பேசியவர்கள் எல்லோரும் அது என்றைக்கும் இணையத்தில் இருக்கச் சம்மதிக்க மாட்டார்கள். அந்த ஒப்புதலை வாங்கும் வேலைக்கே துறை மாணவர்கள் திரும்ப அந்தத் தெருக்களுக்குப் போக நேரும். போகட்டும், நல்லதுதான்.

தங்கள் நாளிதழும் ஓர் உதவி செய்யலாம். தரவரிசை வரும் நாளில் எண்களைப் போடுவதோடு, ஒவ்வொரு தகவல்தொடர்புத் துறையிடமும் "சென்ற ஆண்டு நீங்கள் யாரை ஆராய்ந்தீர்கள், முடிவை அவர்களிடம் எப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டு, வரும் பதிலை அப்படியே அச்சிடுங்கள். பதில் வராத துறைகளின் பெயரையும் போடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். வெள்ள எச்சரிக்கை பற்றி ஆய்வு செய்த எந்தத் துறையாக இருந்தாலும், அதற்கு முன்னால், செப்டம்பரில் எங்கள் தெருவுக்கு வாருங்கள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஐம்பது பேர் தாராளமாக உட்காரலாம், லைட்டும் ஃபேனும் போட்டுத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு மேல் என்றால் வீட்டு வேலைக்குப் போகிறவர்களும் வந்துவிடுவார்கள். ஒரு வாரம் முன்னதாகத் தகவல் சொன்னால் போதும். ஆற்றோரக் குடும்பங்களிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
சைதாப்பேட்டை, சென்னை.